விஸ்காம் படிக்க உதவித்தொகை: அலைந்தவர்கள் சொல்லுங்கள்

கொளத்தூர் அம்மா:
என் மகளுக்கு ஒன்பதாவதிலிருந்தே விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் (காட்சித் தொடர்பியல்) பைத்தியம். "கேமரா பிடிச்சா சோறு கிடைக்குமா?" என்று வீட்டில் பெரிய கச்சேரியே நடந்தது. சரி, ஆசைப்படுகிறாள், படிக்கட்டும் என்று இறங்கினால் ஃபீஸைக் கேட்டுத் தலை சுற்றியது. நாங்கள் ஏறி இறங்கிய கல்லூரிகளில் விஸ்காம், அரசு உதவி இல்லாத சுயநிதிப் பிரிவில்தான் இருந்தது.

மீடியா படிப்புக்கென்று தனி ஸ்காலர்ஷிப் இருக்கும் என்று ஒரு மாதம் தேடினேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள் இவள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, ஃபீஸ் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கி, கசங்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கல்லூரி அலுவலகத்தில் நீட்டினேன். "இது இன்ஜினியரிங், மெடிக்கல் மாதிரி தொழிற்படிப்புக்குத்தாம்மா" என்று கவரோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

கடைசியில் கைகொடுத்தது, என்ன பாடம் என்று கேட்காத புதுமைப் பெண் திட்டம்தான். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி என்பதால் மாதம் 1000 ரூபாய். அதுவும் முதல் மூன்று மாதம் வரவே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தோம். பார்த்தால், பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்துக் கொடுத்த பழைய வங்கிக் கணக்கோடுதான் ஆதார் இணைந்திருந்தது. நாங்கள் புதுப் பாஸ்புக்கையே புரட்டிக்கொண்டிருக்க, பணம் அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

வியாசர்பாடி பையன்:
அக்கா, நான் பதினொன்றாவது படித்த 2022-இல் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு எழுதினேன். மொத்தம் 1500 பேருக்கு, மாதம் 1500 ரூபாய், இரண்டு வருடம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம்தான் சிலபஸ். எங்கள் பள்ளியில் நீட், ஜேஇஇ என்று ஓடிய யாரும் அதைச் சீண்டவில்லை. எனக்கு வசதியாகப் போயிற்று. அந்தப் பணத்தில் வாங்கிய காலர் மைக்கில்தான் இன்றும் பேட்டி எடுக்கிறேன். அதன் பஞ்சு எப்போதோ கிழிந்துவிட்டது. காற்றுச் சத்தம் கேட்காமலிருக்க அம்மாவின் பழைய ஸ்வெட்டர் துணியைச் சுற்றியிருக்கிறேன்.

அடுத்த வருடமே முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு வந்தது. அந்த வருடம் பதினொன்றாவது படித்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. தேறினால் டிகிரி முடியும் வரை ஆண்டுக்கு 10,000. நான் அப்போது பிளஸ் டூ. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன! நல்லவேளை, கல்லூரியில் சேர்ந்த 2024-இல், பையன்களுக்கும் மாதம் ஆயிரம் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அந்த ஆயிரம் கேமரா வாடகைக்கே போய்விடும்.

உங்கள் மகளுக்குத் தங்கை இருந்தால் அந்தத் தமிழ்த் தேர்வைப் பதினொன்றாவதிலேயே எழுதச் சொல்லுங்கள். பிளஸ் டூவுக்கு வந்துவிட்டால் எழுத முடியாது.

அம்பத்தூர் அப்பா:
நான் கோட்டைவிட்ட கதை இது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இலவசக் கல்வித் திட்டம் என்று ஒன்று உண்டு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் இணைப்புக் கல்லூரிகளில் பணம் கட்டாமல் டிகிரி படிக்கலாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த சூட்டோடு விண்ணப்பித்துவிட வேண்டும். நானோ ஒரிஜினல் மார்க் ஷீட் வரட்டும், வருமானச் சான்றிதழ் வரட்டும் என்று ஒவ்வொன்றாகக் காத்திருந்தேன். எல்லாம் கைக்கு வந்தபோது கடைசித் தேதி முடிந்து நான்கு நாள். யாரையும் குறை சொல்ல முடியாது, தப்பு என்னுடையது.

பையன் இப்போது பி.காம். படிக்கிறான். கல்லூரி விழாவுக்கெல்லாம் போட்டோ எடுப்பது அவன்தானாம்.