தம்பிக்குச் சட்டப்படி பாதுகாவலராக வேண்டும், வழி சொல்லுங்கள்

வணக்கம். எனக்கு வயது 24, மலேசியாவில் பினாங்கு பாயான் லெப்பாசில் தொழிற்சாலை வேலை. அம்மா மூன்று வருடம் முன்பே தவறிவிட்டார். தைப்பூசம் முடிந்த மறுவாரம் அப்பாவும் போய்விட்டார். தம்பி தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. எந்தப் பாரத்தை எடுத்தாலும் "பாதுகாவலர்" என்ற இடத்தில் பேனா நின்றுவிடுகிறது.

1961ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாவலர் சட்டப்படி உயர்நீதிமன்றத்தில் மனு போட வேண்டுமாம். பினாங்கில் யாராவது செய்திருக்கிறீர்களா? சட்ட உதவி இலாகா வழியாகப் போனால் எத்தனை மாதம் ஆகிறது? அப்பாவின் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பென்ஷன் தம்பிக்கு 21 வயது வரை வரும். அதில் கை வைக்காமல் அவன் படிப்புக்கே சேர்க்க நினைக்கிறேன்.

அப்புறம், இரவு ஷிப்ட் வாரங்களில் அவன் தனியாகப் படுக்கிறான். பக்கத்து வீட்டுச் சீன அம்மா எட்டிப் பார்த்துக்கொள்கிறார். "பயமில்லக்கா, நீ போ" என்பான். விடியற்காலையில் வந்து பார்த்தால் வீட்டு விளக்கு எல்லாம் எரிந்துகொண்டிருக்கும், அப்பாவின் வேலைச் சட்டையைக் கட்டிப்பிடித்துத் தூங்குவான்.

ஜெலுத்தோங் பக்கம் இரவில் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான குடும்பம் தெரிந்தால் சொல்லுங்கள், பணம் கொடுத்துவிடுகிறேன். சித்தப்பா ஈப்போவுக்கு அனுப்பச் சொல்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் இவனைப் பிரிய எனக்கு மனமில்லை.