ஃபிரீக்வென்சி ஹாப்பிங்: தாவலா, துள்ளலா, தத்தலா?

குழுவினருக்கு வணக்கம்.

ரேடியோ ஒரு ரகசிய வரிசைப்படி விநாடிக்குப் பலமுறை தானாகவே அலைவரிசை மாறிக்கொண்டே இருப்பதுதான் ஃபிரீக்வென்சி ஹாப்பிங். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மடல் இழையில் இதுவரை மாற்றம், பாய்ச்சல், துள்ளல், தாவல் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தாவதாக நான் ஒன்றை முன்வைக்கிறேன்: அதிர்வெண் தத்தல். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். இந்த ஒரு சொல்லை முடிவு செய்வதோடு வேலை தீராது. ஹாப் ரேட், ஹாப்செட், டுவெல் டைம், லேட் என்ட்ரி என்று அதன் பின்னால் ஒரு குடும்பமே நிற்கிறது. தலைச்சொல் வளைந்துகொடுத்தால்தான் மற்றவை பிறக்கும்.

வந்த மடல்களிலிருந்து சில வரிகளை எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் பதில் எழுதியிருக்கிறேன்.

> ரேடியோ அடிக்கடி அலைவரிசையை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதானே? ‘அலைவரிசை மாற்றம்’ போதாதா?

போதாது. அலைவரிசை மாற்றம் வேறு காரியம். எதிரி ஒரு அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டி அடைத்துவிட்டால், எல்லாரும் மாற்று அலைவரிசைக்கு வரச் சொல்லி ஆணை போகும். ஆபரேட்டர்கள் குமிழைத் திருகுவார்கள். ஹாப்பிங்கில் அப்படி யாரும் யாருக்கும் சொல்வதில்லை. முன்பே ஒப்புக்கொண்ட ஒரு ரகசிய வரிசைப்படி எல்லாக் கருவிகளும் தாமாகவே, ஒரே கணத்தில் இடம் மாறுகின்றன.

அமெரிக்கத் தரைப்படையின் சிங்கார்ஸ் ரேடியோவைப் பாருங்கள். 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையை 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் வெட்டினால் 2,320 தடங்கள் கிடைக்கும். கருவி அவற்றுக்குள் விநாடிக்கு ஏறக்குறைய 111 முறை இடம் மாறுகிறது. ஒரு தடத்தில் அது இருப்பது 9 மில்லிவிநாடிதான். ஒரு நெட்டில், அதாவது தமக்குள் பேசிக்கொள்ளும் ஒரு ரேடியோக் குழுவில், உள்ள அத்தனை கருவிகளும் சேர்ந்து போக வேண்டுமானால் எந்தெந்தத் தடங்களைப் பயன்படுத்தலாம் என்ற தொகுப்பு ஒன்றாக இருக்க வேண்டும், வரிசையை உருவாக்கும் ரகசியச் சாவி ஒன்றாக இருக்க வேண்டும், அப்புறம் கடிகாரம். இந்தக் கடிகாரம்தான் ஆபரேட்டரைப் பாடாய்ப் படுத்துவது. தொகுப்பும் சாவியும் சரியாக ஏற்றியிருந்தும் நேரம் நாலு விநாடிக்கு மேல் பிசகிவிட்டால் அந்தக் கருவி நெட்டுக்கு வெளியே நிற்கிறது. பக்கத்து வண்டியில் இருப்பவர் பேசினால்கூட இங்கே ஒன்றும் கேட்காது.

ஆகவே நாம் தேடும் சொல்லில் அசைவு இருக்க வேண்டும்; அது விட்டுவிட்டு நடக்கும் அசைவு என்பதும் தெரிய வேண்டும். ஒத்திசைவும் ரகசியமும்கூடச் சொல்லுக்குள் வர வேண்டும் என்று ஒரு மடல் கேட்டது. ‘ஒத்திசை மறைவரிசை அலைத்தாவல்’ என்று எழுதலாம்தான். வரையறை முழுசாக வந்துவிடும், ஆனால் அதை ஒருவரும் இரண்டாவது முறை எழுத மாட்டார்கள்.

> இதைக் கண்டுபிடித்தவர் நடிகை ஹெடி லமார் என்று படித்தேன். அவர் வைத்த பெயரிலிருந்து தொடங்கலாமே?

அவர் வைத்த பெயர் நமக்கு உதவாது. காப்புரிமையின் தலைப்பு ‘ரகசியத் தொடர்பு அமைப்பு’ என்று பொதுவாகவே இருக்கிறது. அதன் கதை தெரிந்திருப்பது நல்லது. 1942 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவில் வழங்கப்பட்ட 2,292,387-ஆம் எண் காப்புரிமை அது. ஹெடி கீஸ்லர் மார்க்கி என்ற அவருடைய அப்போதைய மணப்பெயரும், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல் பெயரும் அதில் இருக்கின்றன. ரேடியோவால் செலுத்தப்படும் டார்பிடோவை எதிரி குழப்பிவிடாமல் காப்பது நோக்கம். தானாக வாசிக்கும் பியானோவில் ஓடுமே, துளையிட்ட காகிதச் சுருள், அதைப்போல ஒன்று கப்பலிலும் இன்னொன்று டார்பிடோவிலும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். துளைகள் சொல்லும் அலைவரிசைக்கு இரண்டும் சேர்ந்தே மாறும். மொத்தம் 88 அலைவரிசைகள், பியானோக் கட்டைகளின் எண்ணிக்கை. அமெரிக்கக் கடற்படை அப்போது அதை எடுத்துக்கொள்ளவில்லை.

முதன்முதலில் யோசித்தவர் அவர்தான் என்று சொல்வது மிகை. அனுப்பும்போதே அலைநீளத்தை மாற்றிக்கொண்டு ஒட்டுக்கேட்பவரை ஏமாற்றலாம் என்பதை ஜெர்மன் இயற்பியலாளர் யொனாதன் ட்சென்னெக் 1908-லேயே எழுதியிருக்கிறார். ஆனால் இரு முனைகளிலும் ஒரே சுருள், ஒரே தொடக்கம் என்ற அமைப்பை லமாரும் ஆன்தைலும் தெளிவாக வரைந்து காட்டினார்கள். சிங்கார்ஸில் சாவியும் கடிகாரமும் செய்வது அந்தச் சுருளின் வேலையைத்தான்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

பாய்ச்சலை முதலில் விலக்கிவிடலாம். புலிக்குப் பாய்ச்சல் உண்டு, வயலுக்கும் நீர்ப்பாய்ச்சல் உண்டு. மின்னணுவியலில் மின்னோட்டம் பாய்கிறது என்று எழுதிப் பழகிவிட்டோம். தொடர்ந்து ஓடும் ஒன்றுக்கு வழங்கும் சொல்லை, விட்டுவிட்டு நடக்கும் ஒன்றின் தலையில் கட்ட வேண்டாம். துள்ளல் அழகான சொல், கலிப்பாவின் ஓசைக்கே அந்தப் பெயர்தான். ஆனால் கன்று துள்ளுவதும் மீன் துள்ளுவதும் இடம் மாறுவதற்காக அல்ல. எழும்பி, பெரும்பாலும் அங்கேயே விழுகின்றன. நமக்கு வேண்டியது இடப்பெயர்ச்சி.

தாவலுக்குத்தான் ஆதரவு அதிகம். கட்சித் தாவல் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தயங்கியிருந்தார். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. அரசியலில் ஒரு சொல் புழங்குவது அறிவியலுக்கு இழுக்கல்ல. என் தடை வேறு. கணினித் தமிழில் டேப் (tab) என்பதற்குத் தாவல் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அதையாவது துறை வேறு என்று சமாளிக்கலாம். ரேடியோத் துறைக்குள்ளேயே ஒரு மோதல் இருக்கிறது. குறு அலை வான்வெளியின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தரைக்கு வரும்போது, நடுவில் ஒரு பகுதியைத் தொடாமலே போகிறதே, அந்த ஸ்கிப் தூரத்தைத் தாவு தொலைவு என்கிறோம். தொலைதூரத்துக்குப் பேசும் ராணுவக் குறு அலை ரேடியோக்கள் இந்த வான் அலையை நம்பித்தான் இயங்குகின்றன. அவற்றில் பலவற்றுக்கு ஹாப்பிங்கும் உண்டு. அதாவது ஒரே கையேட்டில், ஒரே பக்கத்தில், அலை தரையைத் தாவுவதும் கருவி அதிர்வெண்ணைத் தாவுவதும் அருகருகே வரும். படிப்பவர் திணறிப்போவார். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் தாவலை விடுகிறேன்.

தத்தலில் இந்தச் சிக்கல்கள் இல்லை. சிட்டுக்குருவி தத்தும், தவளை தத்தும். வெட்டுக்கிளிக்குத் தத்துக்கிளி என்றே பெயர் இருக்கிறது. ஒவ்வொரு தத்தலுக்குப் பின்னும் ஒரு சின்ன இருப்பு, அப்புறம் அடுத்த தத்தல். அது எந்தப் பக்கம் போகும் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. இந்த நுட்பத்தின் உயிரும் அதுதான்.

> தத்து என்றால் பிள்ளை தத்தெடுப்பது. ஆபத்து என்றும் பொருள் உண்டு. ‘தத்து வீதம்’ என்று எழுதினால் யார் என்ன நினைப்பார்கள்?

நியாயமான கேள்வி. தத்தெடுப்பில் வரும் தத்து வடமொழித் ‘தத்த’வின் வழி வந்தது, வேர் வேறு. ஆனால் பார்வைக்கு ஒன்றுதானே. அதனால் ‘தத்து’ என்ற வெறும் வடிவத்தை எங்கும் பயன்படுத்த வேண்டாம் என்பது என் யோசனை. பெயருக்குத் தத்தல், அடைக்குத் தத்தும். தத்தல் வீதம், தத்தல் வரிசை, தத்தும் ரேடியோ. இப்படி எழுதினால் குழந்தையும் வராது, கண்டமும் வராது.

தத்தித் தத்தி நடப்பது என்றால் தடுமாற்றம் அல்லவா என்று இன்னொரு மடல். குழந்தையின் நடையில் தடுமாற்றம் உண்டுதான். அந்த அடுக்குத்தொடர் காட்டுவது விட்டுவிட்டு வரும் அசைவை. அதற்காகவே எனக்கு இது பிடித்திருக்கிறது.

முன்பாதிக்கு வருகிறேன். அலைவெண் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். அலை எண் என்பது இயற்பியலில் வேறோர் அளவு. ஒரு எழுத்து வித்தியாசத்தில் இரண்டும் நிற்பது வம்பு. அதிர்வெண் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஊன்றிவிட்டது. இலங்கையில் மீடிறன் என்பதே வழக்கு. அங்கே மீடிறன் தத்தல் என்று இயல்பாக வரும், இரண்டையும் சேர்த்தே பட்டியலில் போடுவோம்.

இனி குடும்பம். கருவி ஒரு தடத்தில் இருக்கும் நேரமான டுவெல் டைமுக்குத் தங்குநேரம் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நம்புகிறேன். தத்துவது எவ்வளவு முக்கியமோ தங்குவதும் அவ்வளவு முக்கியம். எதிரியின் பின்தொடர் ஜாமர் என்ன செய்கிறது? தத்தும் ரேடியோ இப்போது எந்தத் தடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அதே தடத்துக்குத் தன்னைத் திருப்பி, இரைச்சலை அனுப்புகிறது. இவ்வளவையும் தங்குநேரம் முடிவதற்குள் செய்தாக வேண்டும். 9 மில்லிவிநாடியில் ரேடியோ அலை ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர் போய்விடும். எனவே சிங்கார்ஸை விரட்டும் ஜாமருக்குத் தூரம் ஒரு தடையே அல்ல, வேகமான ரிசீவர் இருந்தால் போதும்.

லிங்க் 16 அப்படி இல்லை. நேட்டோ நாடுகளின் போர் விமானங்களும் கப்பல்களும் கட்டளை மையங்களும் ஒரே களக்காட்சியைப் பகிர்ந்துகொள்ளும் தரவு இணைப்பு அது. 960 முதல் 1,215 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில் 51 அதிர்வெண்கள். துடிப்புக்குத் துடிப்பு வேறு அதிர்வெண். 13 மைக்ரோவிநாடிக்கு ஒரு துடிப்பு, அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 77,000 தத்தல். துடிப்பு உயிரோடு இருப்பதோ 6.4 மைக்ரோவிநாடி. அந்த நேரத்தில் அலை போகும் தூரம் 2 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அனுப்புபவரிடமிருந்து ஜாமருக்கும் ஜாமரிடமிருந்து பெறுபவருக்கும் உள்ள வழி, நேர்வழியைவிட 2 கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலே போதும். ஜாமர் எவ்வளவு வேகமாக இயங்கினாலும் அதன் இரைச்சல் வந்து சேர்வதற்குள் துடிப்பு முடிந்திருக்கும். தங்குநேரம் என்ற சொல் இந்தக் கணக்கு முழுவதையும் தாங்க வேண்டும். தாங்கும் என்றே தோன்றுகிறது.

அடுத்தது ஸ்லோ ஹாப்பிங், ஃபாஸ்ட் ஹாப்பிங். இவற்றுக்கு மெதுதத்தல், விரைதத்தல் என்று யாரும் அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலப் பெயர்களே படிப்பவரைத் தவறான வழியில் கொண்டுபோகின்றன. விநாடிக்கு எத்தனை முறை என்பது இங்கே அளவுகோல் அல்ல. ஒரு தங்குநேரத்துக்குள் பல தரவுக் குறிகள் (ஒரு பிட்டையோ சில பிட்களையோ சுமக்கும் சிம்பல்கள்) போய்விட்டால் அது ஸ்லோ. ஒரே குறியை அனுப்பி முடிப்பதற்குள் பலமுறை தத்தினால் ஃபாஸ்ட். சிங்கார்ஸ் விநாடிக்கு 16 கிலோபிட் அனுப்பும்போது ஒரு தங்கலில் சுமார் 144 பிட் போகிறது, ஆகவே ஸ்லோ. நம் காதில் மாட்டியிருக்கும் புளூடூத் 79 தடங்களில் விநாடிக்கு 1,600 முறை தத்துகிறது, அதுவும் ஸ்லோதான். லிங்க் 16-இல் ஒரே குறியை இரட்டைத் துடிப்பாக, இரண்டு அதிர்வெண்களில் அனுப்பும் முறை ஒன்று இருக்கிறது. அது ஃபாஸ்ட் வகையைச் சேரும்.

ஆக, வேகத்தைச் சொல்லாமல் குறியைச் சொல்வோம். ஃபாஸ்ட் ஹாப்பிங் = குறியுள் தத்தல். ஸ்லோ ஹாப்பிங் = குறியிடைத் தத்தல். குறிக்குள்ளேயே தத்துகிறதா, குறிகளுக்கு இடையில் தத்துகிறதா என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். மூலத்தைவிடத் தெளிவாகச் சொல்லும் வாய்ப்பு நமக்கு எப்போதாவதுதான் கிடைக்கிறது, விட்டுவிடக் கூடாது.

லேட் என்ட்ரிக்குப் பிந்திச்சேர்தல் போதும். கடிகாரம் பிசகி நெட்டைத் தவறவிட்ட கருவியைக் கொஞ்சநேரம் காத்திருக்கவைத்து, நெட்டில் யாராவது பேசும்போது பிடித்துச் சேர்த்துக்கொள்ளும் வசதி அது. பயன்படுத்தக்கூடிய தடங்களின் தொகுப்பான ஹாப்செட்டுக்குத் தத்தல் தொகுதி என்று வைத்திருக்கிறேன், முழுத் திருப்தி இல்லை. நெட், ஜாமர், ரிசீவர் ஆகியவற்றை இப்போதைக்கு அப்படியே விடலாம்.

> இதையெல்லாம் யார் பயன்படுத்தப் போகிறார்கள்? படையில் இருப்பவர்கள் ஹாப்பிங் என்றுதான் சொல்வார்கள்.

சொல்லட்டும். இது அவர்கள் வாயை மாற்றும் முயற்சி அல்ல. உக்ரைன் போரில் டிரோன்களின் கட்டுப்பாட்டு இணைப்புகளும் ஜாமர்களும் ஒன்றையொன்று விரட்டுவதை நாம் தினமும் படிக்கிறோம். தத்தும் இணைப்புகளையும் ஜாமர்கள் அடைத்ததால்தான் கண்ணாடி இழையைப் பின்னால் இழுத்துக்கொண்டு பறக்கும் டிரோன்களே வந்தன. இதைத் தமிழில் எழுதுபவர் ஒவ்வொரு முறையும் ‘அலைவரிசையைத் தானாக மாற்றிக்கொண்டே இருக்கும் தொழில்நுட்பம்’ என்று அரை வரியைச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. பொறியியல் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் கிடைக்கும் ஒரு தமிழ்க் குறிப்பில் இந்தச் சொற்கள் இருந்தால் எனக்கு அது போதும்.

சொற்கள் சேர்ந்து ஓடுகின்றனவா என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்: “இந்த நெட்டின் எல்லா ரேடியோக்களிலும் ஒரே தத்தல் தொகுதியும் சாவியும் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். தத்தல் வீதம் கூடினால் தங்குநேரம் குறையும். பின்தொடர் ஜாமருக்கு அவகாசமும் குறையும். கடிகாரம் பிசகிய ரேடியோ பிந்திச்சேர்தல் முறையில் நெட்டுக்குள் வரலாம்.” எனக்கு எங்கும் தட்டவில்லை. உங்களுக்குத் தட்டினால் எந்த இடம் என்று குறித்து எழுதுங்கள். தத்தல் தொகுதிக்கு மேலான சொல் யாரிடமாவது இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். ஜாமருக்குத் தனி இழை தொடங்குவது நல்லது. அலைமுடக்கி, இரைச்சலூட்டி என்று இரண்டு சொற்கள் ஏற்கெனவே இங்கே எட்டிப்பார்த்துவிட்டன. அந்த வாதம் இதைவிட நீளும்.