விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது: ஆண்டிவைரஸ் மட்டும் போதுமா?

ஜெராக்ஸ்கடை:
வணக்கம். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மூன்று கணினி, மூன்றிலும் விண்டோஸ் 10. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 ஏறாது. இன்டெல் என்றால் குறைந்தது எட்டாம் தலைமுறை வேண்டுமாம். 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் வழக்கமான அப்டேட்டை நிறுத்திவிட்டது. ஆனால் நான் மூன்று வருட லைசென்ஸோடு காசு கொடுத்து ஆண்டிவைரஸ் வாங்கியிருக்கிறேன், இன்னும் இரண்டு வருடம் பாக்கி. அது இருக்கும்போது கவலைப்பட வேண்டுமா? கணினி விற்றவர் "புதுசா மாத்திடுங்க" என்கிறார். அவர் வேறு என்ன சொல்வார்? தினமும் முப்பது நாற்பது பென்டிரைவ் வரும், ஆதார், பான், மார்க் ஷீட் என்று ஊரார் காகிதமெல்லாம் எங்கள் கணினி வழியாகத்தான் போகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

பழையகணினி:
தாராளமாகப் போதும் தம்பி. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்தது. அதற்கப்புறம் மூன்று வருடம் அதிலேதான் என் கணக்கு வழக்கு எல்லாம் ஓடியது, ஒரு தூசி விழவில்லை. குரோம் பிரவுசர்கூட 2023 தொடக்கம் வரை விண்டோஸ் 7-க்கு வந்துகொண்டுதான் இருந்தது. இந்த முறை மைக்ரோசாஃப்டே, விண்டோஸோடு வரும் ஆண்டிவைரஸான டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளங்களை 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10-க்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. எட்ஜ் பிரவுசருக்கும் அதே காலம் வரை அப்டேட் உண்டு. ஒன்றுக்கும் உதவாது என்றால் எதற்குத் தருகிறார்கள்? நல்ல நிலையில் இருக்கும் கணினியைக் குப்பையில் போட வைக்கும் வியாபாரம் இது.

இரண்டாம்செவ்வாய்:
ஐயா சொல்லும் தேதிகள் சரி. முடிவுதான் தவறு.

வைரஸ் அடையாளம் வேறு, ஓட்டையை அடைக்க வரும் அப்டேட்டான பேட்ச் வேறு. வருகிற கோப்பு ஏற்கெனவே தெரிந்த திருடனா, அல்லது நடத்தை சந்தேகப்படும்படி இருக்கிறதா என்று பார்ப்பது ஆண்டிவைரஸின் வேலை. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலில் ஓட்டை இருந்து அதன் வழியாக ஒருவன் உள்ளே வந்துவிட்டால் ஆண்டிவைரஸுக்கு இருக்கும் அதிகாரம் அவனுக்கும் கிடைத்துவிடும். வந்தவன் முதல் வேலையாக அதைத்தான் அணைப்பான்.

இன்னொன்று. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விண்டோஸ் 11-க்குப் பேட்ச் வருகிறது. 10, 11 இரண்டும் பெரும்பகுதி ஒரே அடித்தளத்தில் எழுதப்பட்டவை. பேட்ச் வந்ததும் பழைய கோப்பையும் புதுக் கோப்பையும் பக்கத்தில் வைத்து எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் உண்டு. 11-இல் அடைத்த ஓட்டை எது என்று தெரிந்தால் 10-இல் அடைக்காத ஓட்டை எது என்றும் தெரிந்துவிடும். ஆதரவு முடிந்த விண்டோஸுக்கு ஆபத்து மாதத்துக்கு மாதம் கூடும். முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பழையகணினி:
எல்லாம் புத்தகத்தில் சரி. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாகிரை வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 மே 12. உலகமே அலறியது, இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன. எல்லோரும் பழி போட்டது ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பி மேல். கடைசியில் கணக்கெடுத்தால் மாட்டியதில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7, அதாவது அப்போதும் ஆதரவில் இருந்தது! எக்ஸ்பியில் அது ஒழுங்காக ஓடக்கூட இல்லை, நீலத்திரை காட்டிப் படுத்துவிட்டது. ஆதரவு இருந்தவன் மாட்டினான், இல்லாதவன் தப்பினான். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இரண்டாம்செவ்வாய்:
நீங்களே என் வேலையைச் செய்துவிட்டீர்கள். மாட்டிய விண்டோஸ் 7 கணினிகளுக்கான பேட்ச் 2017 மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதமாகப் போடாமல் இருந்தவர்கள்தான் சிக்கினார்கள். போட்டவர்கள் மெயிலைத் திறந்தார்களா, லிங்க்கைத் தொட்டார்களா என்ற கேள்வியே எழவில்லை. ஏனென்றால் அது நெட்வொர்க் வழியாகத் தானே பரவியது, யாரும் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்பி தப்பியது அந்த வைரஸை எழுதியவனின் கைப்பக்குவக் குறை. அதை நம்பியா கடை நடத்துவது? மறுநாளே மைக்ரோசாஃப்ட், ஆதரவு முடிந்து மூன்று வருடமான எக்ஸ்பிக்கும் விதிவிலக்காகப் பேட்ச் தந்தது. ஆண்டிவைரஸ் போதும் என்றால் அதற்குத் தேவை என்ன?

ஆடிட்டர்ஆபீஸ்:
நடுவில் வருகிறேன். எங்கள் அலுவலகத்தில் எல்லா அப்டேட்டும் போட்டு, காசு கொடுத்த ஆண்டிவைரஸும் ஓடிக்கொண்டிருந்தது. கூரியர் ரசீது என்று வந்த மெயில் இணைப்பை ஒரு பையன் திறந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் டேலி டேட்டா முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது. பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கும் அதே கணினியில் செருகியபடியே இருந்ததால் அதுவும் போச்சு. ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி வாரம் வேறு. பில் கட்டுகளை எடுத்து வைத்து நான்கு பேர் உட்கார்ந்து மறுபடி டைப் செய்தோம். பேட்சா ஆண்டிவைரஸா என்று நீங்கள் சண்டை போடுங்கள், ஹார்ட் டிஸ்க்கை முதலில் கழற்றி வையுங்கள்.

பழையகணினி:
அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். ஜெராக்ஸ் கடைக்கு எதிரி வெளிநாட்டு ஹேக்கர் இல்லை. ஃபோல்டரையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றும் பென்டிரைவ் வைரஸ், கிராக் போட்ட மென்பொருள், கடைப் பையன் திறக்கும் இணைப்பு. இதையெல்லாம் பிடிப்பது ஆண்டிவைரஸ்தான், பேட்ச் இல்லை.

இரண்டாம்செவ்வாய்:
பென்டிரைவ் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் ஒரு பழைய கதை. ஜெராக்ஸ்கடைக்காரர் இதை மட்டுமாவது படிக்க வேண்டும்.

2010-இல் ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ் வந்தது. ஈரானின் அணு ஆலையைக் குறிவைத்தது என்று செய்தியில் படித்திருப்பீர்கள். அதில் நமக்குச் சம்பந்தமான சங்கதி, அது பென்டிரைவில் வந்த விதம். ஷார்ட்கட் கோப்பின் ஐகானை விண்டோஸ் வரையும் முறையில் ஒரு ஓட்டை. கோப்பை டபுள் கிளிக் செய்யவே வேண்டாம். பென்டிரைவைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாலே போதும், உள்ளே வந்துவிடும். அது 2010 ஜூன் மாதம் வெளியே தெரியும்வரை ஆண்டிவைரஸ்கள் அதை அடையாளம் காணவில்லை.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். எக்ஸ்பியின் பழைய பதிப்பான சர்வீஸ் பேக் 2-க்கு ஆதரவு முடிந்தது 2010 ஜூலை 13. இந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது ஆகஸ்ட் 2. மூன்று வார இடைவெளிதான். சர்வீஸ் பேக் 3-க்கு மாறியவர்களுக்குப் பேட்ச் கிடைத்தது. 2-லேயே நின்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. தினமும் நாற்பது பென்டிரைவைத் திறந்து பார்ப்பவர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

பழையகணினி:
நல்ல கதை, ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தேதிப் பொருத்தம் எனக்குத் தெரியாது. ஆனால் அம்பலமான பிறகு ஆண்டிவைரஸ்காரர்கள் அடையாளம் சேர்த்துவிட்டார்கள் இல்லையா? ஆகஸ்டுக்கு முன்பே பாதுகாப்பு கிடைத்தது அங்கிருந்துதான்.

இரண்டாம்செவ்வாய்:
தெரிந்த மாதிரிகளுக்கு, ஆமாம். ஆண்டிவைரஸை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதுவும் வேண்டும், அது மட்டும் போதாது. அதுவும் ஒரு மென்பொருள்தான், அதிலும் ஓட்டை வரும். 2017 மே மாதம் மைக்ரோசாஃப்டின் ஸ்கேன் இன்ஜினிலேயே ஒரு ஓட்டையைக் கூகுளின் ஓட்டை தேடும் குழுவான புராஜெக்ட் ஜீரோ ஆட்கள் கண்டுபிடித்தார்கள். கோப்பை ஸ்கேன் செய்தாலே போதும், தாக்கியவன் உள்ளே.

பழையகணினி:
அதைச் சரிசெய்தது எது? விண்டோஸ் பேட்ச் இல்லை, அந்த இன்ஜினின் அப்டேட். சில நாளிலேயே வந்தது. என் பக்கத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள்.

இரண்டாம்செவ்வாய்:
போட்டாயிற்று. :)

ஆனால் லைசென்ஸ் இரண்டு வருடம் பாக்கி என்பதை ஜெராக்ஸ்கடைக்காரர் அப்படியே நம்ப வேண்டாம். லைசென்ஸ் தேதி வேறு, அந்த நிறுவனம் விண்டோஸ் 10-க்கு எதுவரை ஆதரவு தரும் என்பது வேறு. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்தது. அதிலிருந்த மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் ஆண்டிவைரஸுக்கு அடையாளம் வருவது 2015 ஜூலையில் நின்றது.

பெங்குவின்பக்தன்:
மூன்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுங்கள். 4 ஜிபியில் ஓடும், காசில்லை, விவாதமும் முடிந்தது.

ஜெராக்ஸ்கடை:
பெங்குவின் சார், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் இன்னும் பேஜ்மேக்கர் 7-இல்தான் அடிக்கிறோம். பாதிப்பேர் கொண்டுவருவது பாமினி எழுத்துருவில் இருக்கும் கோப்பு. ஆடிட்டர் அனுப்பும் ஆட்களுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேறு செருக வேண்டும். அதையெல்லாம் லினக்ஸில் ஓட்ட நீங்கள் கடைக்கு வந்து உட்காருவீர்களா?

இரண்டாம்செவ்வாய்:
2001-இல் வந்த பேஜ்மேக்கரை வைத்துக்கொண்டு ஆதரவு முடிந்த விண்டோஸைப் பற்றிக் கவலைப்படுகிறோம். சரி, அது தனிக் கதை.

புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் இருக்கிறது, 2026 அக்டோபர் 13 வரை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வரும். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். 30 டாலர் கட்டலாம், 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் கொடுக்கலாம், அல்லது கணினியின் செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம். ஒரு கணக்கில் பத்து கணினி வரை சேர்க்கலாம். டொமைனில் (நிறுவன நெட்வொர்க்கில்) இணைத்தவை, கியோஸ்க் முறையில் (ஒரே வேலைக்கென்று பூட்டி வைத்து) ஓடுபவை இதில் வராது. புது வசதி எதுவும் கிடைக்காது, பேட்ச் மட்டும்.

பழையகணினி:
பார்த்தீர்களா, அங்கேயும் கணக்கு கேட்கிறான். காசு கட்டினாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் இலவசம் 5 ஜிபிதான். கவனிக்காமல் டாகுமெண்ட்ஸ் ஃபோல்டரையும் பேக்கப்பில் விட்டால் வாடிக்கையாளர் ஆதார் நகலெல்லாம் மேலே ஏறும். ஒத்திசைவில் செட்டிங்ஸை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அணையுங்கள் தம்பி. இதைச் சொல்லாமல் இலவசம் என்று சொல்வது பாதி உண்மை.

இரண்டாம்செவ்வாய்:
இது நியாயம். நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஜெராக்ஸ்கடை:
இரண்டு கணினியைச் சேர்த்துவிட்டேன், ஒன்டிரைவையும் ஐயா சொன்ன மாதிரி அணைத்தாயிற்று. மூன்றாவதில் பழைய பதிப்பு, 22எச்2-க்கு ஏற மறுக்கிறது, ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை. அதை நெட்டிலிருந்து எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். பென்டிரைவை எதில் செருகுவது?

பழையகணினி:
மூன்றாவதில். நெட் இல்லை, கெட்டாலும் நஷ்டமில்லை. ஒரு நாள் உட்கார்ந்து விண்டோஸைத் திரும்ப ஏற்றினால் போயிற்று.

இரண்டாம்செவ்வாய்:
கூடவே கூடாது. நெட் இல்லாத கணினியில் ஆண்டிவைரஸுக்கும் அடையாளம் வராது, அது உங்கள் கட்சிக்கே விரோதம் ஐயா. ஒருவர் பென்டிரைவில் வந்தது மீதி முப்பத்தொன்பது பேருக்கும் போகும். பேட்ச் வரும் கணினியில்தான் செருக வேண்டும்.

ஜெராக்ஸ்கடை:
போன மாதம்தான் ஒரு காலேஜ் பெண் வந்து, புராஜெக்ட் ஃபைல் எல்லாம் ஷார்ட்கட் ஆனது எங்கள் கடையில் செருகியதால்தான் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனது. அதனால் இதில் செவ்வாய் சார் பக்கம். மூன்றாவதை ஸ்கேனருக்கு மட்டும் வைத்துவிட்டேன். முன்பக்க யூஎஸ்பி இரண்டிலும் செலோடேப் ஒட்டியாயிற்று. மதியமே கடைப் பையன் ஒன்றைப் பிய்த்துவிட்டு போன் சார்ஜ் போட்டிருந்தான்.