வணிக வளாகத்தில் துப்பாக்கியை மோப்பம் பிடிக்கும் நாய்கள்: எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி:
அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ப்ளூமிங்டன் நகரிலுள்ள மால் ஆஃப் அமெரிக்கா வளாகத்தில், 2022 டிசம்பர் 23 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். அதன் பிறகு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இத்தகைய இடங்களுக்குச் செல்லவே மனம் அஞ்சுகிறது. சட்டைக்குள் மறைத்த துப்பாக்கியைக் கூட்ட நெரிசலில் நாயால் உண்மையிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

மறுமொழி 1:
முடியும். நாய் தேடுவது இரும்பை அன்று. தோட்டாவிலுள்ள நைட்ரோசெல்லுலோஸ் போன்ற வெடிமருந்தின் வாசனையையும், சுட்டபின் குழலில் தங்கும் படிவையும்தான். உடலில் மறைத்த வெடிபொருளைக் கண்டறிய அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகம் உருவாக்கிய பயிற்சிமுறையில், நாய் ஒவ்வொருவரையும் நெருங்கி முகர்வதில்லை. நடப்பவரின் பின்னால் காற்றில் நீளும் வாசனைத் தடத்தைப் பிடித்ததும், மூக்கை உயர்த்திச் சட்டென்று திரும்பி, கையிலுள்ள வார் விறைக்கும்படி அவரைப் பின்தொடர்கிறது. குரைப்பதில்லை என்பதால் கூட்டம் மிரள்வதுமில்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே. ஆயினும், பணி முடிந்து சாதாரண உடையில் வரும் காவலரின் துப்பாக்கியையும் கொலை நோக்கோடு வருபவரின் துப்பாக்கியையும் நாய் பிரித்தறியாது. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் வாரைப் பிடித்திருப்பவர். தொடர்ந்து முகரும் நாய் விரைவில் களைத்துவிடும் என்பதால் இடையிடையே ஓய்வும் தர வேண்டும். எல்லா வாயில்களுக்கும் போதிய நாய்களை நிறுத்தாத நிர்வாகம், பாதுகாப்பு உறுதி என்று அறிவிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

மறுமொழி 3:
பிள்ளைகளுடன் செல்வதாகக் கூறியிருப்பதால் ஒரு வேண்டுகோள்: பணியிலிருக்கும் நாயைத் தடவிக் கொடுக்கவோ, அதற்குத் தின்பண்டம் நீட்டவோ அவர்களை அனுமதிக்காதீர்கள், அதன் கவனம் சிதறிவிடும்.