ஏர் ரைஃபிள் ட்ரிகர் கனம்: ஸ்பிரிங் மாற்றி பாலிஷ் போடலாமா?

அஸ்தம்பட்டி_மணி
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது இந்தியத் தயாரிப்பு .177 (4.5 மி.மீ. குழல் துளை) ஏர் ரைஃபிள், குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் வகை. ட்ரிகர் ரொம்பக் கனம். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை மாட்டி இழுத்தால் இரண்டரை கிலோவைத் தாண்டுகிறது, அதுவும் சீராக வராமல் நறநறவென்று நின்று நின்று வருகிறது. 10 மீட்டரில் நடு வளையத்தைக் குறி வைத்து இழுத்தால் விடுபடும் நேரத்தில் குழல் வலப்பக்கம் போய்விடுகிறது. மென்மையான ட்ரிகர் ஸ்பிரிங் தனியாக விற்கிறார்கள். அதைப் போட்டு, உள்ளே உரசும் பாகங்களைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் கொடுத்துவிடு என்கிறார் நண்பர். செய்யலாமா?

குகை_லேத்
செய்யலாம், செய்யவும் வேண்டும். நம் ஊர் ஏர் ரைஃபிள்கள் பலவற்றில் பாகத்தை வெட்டிய தடம் அப்படியே கிடக்கும், பிசிறு எடுத்திருக்க மாட்டார்கள், கிரீஸும் இருக்காது. உங்கள் நறநறப்பு அதுதான். அப்புறம் ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இன்னொரு தொல்லை உண்டு. சியர் (பிஸ்டனைப் பிடித்து நிறுத்தியிருக்கும் கொக்கி, ட்ரிகரை இழுத்தால் விடுபடும்) விடுபட்ட பிறகு பிஸ்டன் ஓடி, காற்றை அழுத்தி, அதற்குப் பின்புதான் குண்டு கிளம்புகிறது, பிஸ்டன் ஓடும்போதே துப்பாக்கி முழுவதும் குலுங்கிவிடும், அதனால் விரலின் சின்னத் தடுமாற்றம்கூட அட்டையில் பெரிதாகத் தெரியும். ட்ரிகரைச் சரி செய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

ஆனால் கொலுசுப் பட்டறை வேண்டாம். வெள்ளிக்குப் போடும் பஃப் சக்கரம் மூலையை உருட்டிவிடும். ட்ரிகருக்கு வேண்டியது மினுமினுப்பு இல்லை, மட்டமான பரப்பும் கூரான விளிம்பும்தான். கண்ணாடித் துண்டின் மேல் 1000 நம்பர் எமரித் தாளை ஒட்டி, எண்ணெய் விட்டு, கையால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். சியரையும் அப்படியே செய்யலாம்.

நாகலூர்_காப்பி
கடைசி வரியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மணி சார், உங்கள் துப்பாக்கியில் பிஸ்டனையும் அதன் பின்னால் அழுந்தி நிற்கும் மெயின் ஸ்பிரிங்கின் முழு பலத்தையும் பிடித்து வைத்திருப்பது அந்தச் சியரின் சின்ன விளிம்புதான். குழலை மடக்கி விரலால் குண்டு வைக்கும் நேரத்தில் அது நழுவினால் குழல் அறைந்து மூடும். இடையில் இருப்பது உங்கள் விரல். எலிப்பொறி மாதிரிதான், ஆனால் எலும்பை நொறுக்கும் பலத்தோடு.

இன்னொன்று, சியருக்குப் பெரும்பாலும் மேல்தோல் மட்டும் கெட்டிப்படுத்திய இரும்பு. அந்தத் தோல் ரொம்ப மெல்லியது. அதைத் தேய்த்துத் தாண்டிவிட்டால் உள்ளே இருப்பது மிருதுவான இரும்பு, முதல் மாதம் ட்ரிகர் அருமையாக இருக்கும், பிறகு விளிம்பு மழுங்க ஆரம்பிக்கும், அது மழுங்குவது வெளியே தெரியாது.

குகை_லேத்
அண்ணா, கோணத்தை மாற்றாமல் தடத்தை மட்டும் எடுப்பதற்கும் அரத்தால் ராவுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கெட்டித்தோல் மெல்லியதுதான், ஆனால் எமரியில் எடுப்பது அதிலும் ஒரு சிறு பங்கு. தொழில் தெரிந்தவன் கையில் இது ஆபத்தான வேலை இல்லை.

அழகாபுரம்_10மீ
இரண்டு பேரும் சியரிலேயே நிற்கிறீர்கள், ஸ்பிரிங் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இந்த வகை எளிய ட்ரிகரில் இழுக்கும் கனத்தில் பெரும்பங்கு ட்ரிகர் ஸ்பிரிங்கால் வருவதில்லை. மெயின் ஸ்பிரிங் சியரை அழுத்துகிறது, அந்த அழுத்தத்தில் இரும்பும் இரும்பும் உரசுகிறது, கனம் அங்கேதான். காசு கொடுத்து மென்மையான ட்ரிகர் ஸ்பிரிங் போட்டால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஜெர்மன் கம்பெனி வைராக்கின் ரெக்கார்ட் ட்ரிகர் ஏன் லேசாக இருக்கிறது? நடுவில் நெம்புகோல்கள் வைத்து, விரல் தொடும் விளிம்புக்கு வரும் பாரத்தை முன்பே குறைத்துவிடுகிறார்கள். அந்த அமைப்பை ஸ்பிரிங் வாங்கிக் கொண்டுவர முடியாது.

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் இதையும் கேளுங்கள். 10 மீட்டர் ரைஃபிளுக்கு சர்வதேச விதியில் ட்ரிகர் எடைக்குக் கீழ்வரம்பு இல்லை. 10 மீட்டர் பிஸ்டலுக்கு 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம், ட்ரிகரில் அந்த எடைக்கல்லை மாட்டி, அது விடுபடாமல் தூக்கிக் காட்ட வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக் 10 மீட்டர் பிஸ்டலில் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதாகி நேரம் போனது, 575 எடுத்து 12ஆம் இடம், இறுதிச் சுற்று கை நழுவியது. லேசான ட்ரிகரைவிட ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடக்கும் ட்ரிகர்தான் முக்கியம் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

குகை_லேத்
அந்த உதாரணம் இங்கே பொருந்தாது. அங்கே பழுதானது ஏற்றும் நெம்புகோல், யாரும் அதைப் பாலிஷ் போடவில்லை. ஆனால் உரசல் பற்றிச் சொன்னது சரி, அதனால்தான் உரசும் பரப்பைக் கவனிக்கச் சொல்கிறேன். மாலிப்டினம் கிரீஸ் ஒரு பொட்டு சியரில் வைத்தாலே பாதி நறநறப்பு போகும்.

நாகலூர்_காப்பி
கிரீஸில் எனக்கும் முழுச் சம்மதம். ட்ரிகரைப் பிடித்திருக்கும் ஆணிகள், ட்ரிகரின் பக்கவாட்டு, ஸ்பிரிங்கின் கால் உரசும் இடம், இவற்றை வேண்டிய மட்டும் பாலிஷ் போடுங்கள். சியர் விளிம்பைத் தொடாதீர்கள். பின்மூடியையும் சும்மா கழற்றாதீர்கள், மெயின் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், பாயும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மலையில் காப்பித் தோட்டங்களில் தாத்தா காலத்து இரட்டைக்குழல் 12 போர் தோட்டாத் துப்பாக்கி இன்னும் லைசென்ஸோடு இருக்கிறது. ஏர் ரைஃபிளில் கை பழகியவர்கள் அடுத்து அதைத்தான் திறப்பார்கள். துளை .177க்கு மேற்படாமல், குண்டின் சக்தி 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனால் 12 போரைப் பழுது பார்ப்பதே 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவின்படி உரிமம் பெற்றவர் வேலை. அதில் சியர் மழுங்கினால் முதல் குழல் வெடித்த அதிர்ச்சியிலேயே இரண்டாவதும் வெடிக்கும்.

குகை_லேத்
12 போரை எந்த லேத்துக்காரனும் தொடக் கூடாது, அதில் விவாதமே இல்லை. கேட்டவர் கையில் இருப்பது ஏர் ரைஃபிள்.

அஸ்தம்பட்டி_மணி
நன்றி. முதலில் ஸ்டாக்கை (மரக் கட்டையை) கழற்றிச் சுத்தம் செய்து, ஆணிகளைப் பாலிஷ் போட்டு, கிரீஸ் வைத்து அளந்து பார்க்கிறேன். ஸ்பிரிங் இப்போதைக்கு வாங்கவில்லை. குண்டில்லாமல் இழுத்துப் பழகலாமா?

அழகாபுரம்_10மீ
ஸ்பிரிங் ரைஃபிளில் கூடாது. குண்டு தடுக்காமல் போனால் பிஸ்டன் நேராக முனையில் மோதும், சீல் கெடும். குண்டு போட்டே பழகுங்கள், விரல் நுனியின் சதையால் நேராகப் பின்னுக்கு இழுங்கள். குழல் வலப்பக்கம் போவதில் பாதி விரல் வைக்கும் இடத்தால்தான் என்று நினைக்கிறேன்.

குகை_லேத்
அளந்து இங்கே எழுதுங்கள். இரண்டு கிலோவுக்குக் கீழே வரவில்லையென்றால் சியரை எடுத்துக்கொண்டு குகைப் பகுதியில் இருக்கும் என் பட்டறைக்கு வாருங்கள், லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

நாகலூர்_காப்பி
லென்ஸில் பார்க்கட்டும், எமரியை எடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். புதுச் சியர் கிடைக்கும். அப்புறம் குண்டு வைக்கும்போதெல்லாம் ஒரு கையால் குழலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பாலிஷ் போட்டாலும் போடாவிட்டாலும்.