கடுகைத் தேடிவிட்டுப் பூசணிக்காயைக் கோட்டை விடுகிறோமா?

கணக்குநோட்டு:
போன வருடம் பல்லில் சின்னச் சொத்தை. அடைக்கச் செலவாகுமே என்று தள்ளிப்போட்டேன். அதே மாதம் தவணையில் ஹெட்போன் வாங்கினேன். ஏழு மாதம் கழித்து, நடுராத்திரி தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அது எதிரே மேசையில் கிடந்தது. வேர் சிகிச்சைக்குப் பல மடங்கு செலவு. கிரெடிட் கார்டில் போட்டேன், இன்னும் கட்டி முடியவில்லை. இத்தனைக்கும் சுற்றுலாவுக்கென்று சேர்த்த பணம் வங்கியில் தூங்குகிறது. தொட மனம் வரவில்லை. நம்மில் பலர் இப்படித்தான் இருக்கிறோம் என்பது என் வாதம்.

மழைத்துளி:
பல் விஷயம் சரி. சுற்றுலாப் பணத்தைத் தொடாததைத் தப்பு என்று சொல்லாதீர்கள். நானும் ஒருமுறை சேமிப்பை உடைத்துக் கார்டுக் கடனை அடைத்தேன். நாலே மாதத்தில் கார்டு பழையபடி நிரம்பிவிட்டது, சேமிப்பும் போச்சு. ‘இது சுற்றுலாவுக்கு’ என்று பண உறைமேல் எழுதி வைத்த மாதிரி ஒரு பெயர் இருப்பதுதான் கையைத் தடுக்கிறது.

கணக்குநோட்டு:
கையைத் தடுக்கும், வட்டியைத் தடுக்குமா? கார்டுக் கடனுக்கு வட்டி மாதம் 3 சதவீதம் என்றால், அது கூட்டு வட்டியில் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். ஒன்றுமே கட்டாமல் விட்டால் 24 மாதத்தில் கடன் இரட்டிப்பு. ஒரே ஆளின் பணத்தை மனதுக்குள் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைப் பற்றி ரிச்சர்ட் தேலர் 1980களிலேயே எழுதிவிட்டார். 2017-இல் பொருளாதார நோபல் பெற்றவர் அவர்.

நடைவண்டி:
குறுக்கே வருகிறேன். உளவியலாளர்கள் கானேமனும் ட்வெர்ஸ்கியும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 15 டாலர் கால்குலேட்டர் இன்னொரு கிளையில் 5 டாலர் குறைவு என்றதும், 20 நிமிடம் வண்டி ஓட்டிப் போவோம் என்றார்கள் 68 சதவீதம் பேர். அதன் விலை 125 என்று மாற்றிக் கேட்டால் 29 சதவீதம்தான். மிச்சமாவதோ அதே 5 டாலர். பெரிய தொகைக்குப் பக்கத்தில் பணம் சிறுத்துத் தெரிகிறது. தவணைக் கடையில் நாம் ஏமாறுவதும் அங்கேதான்.

மழைத்துளி:
ஆய்வு சரி. ஆனால் மனிதரின் பலவீனம் தெரிந்துதான் நான் பேசுகிறேன். சுற்றுலாப் பணத்தில் பாதியை எடுத்துக் கட்டுங்கள். கட்டிய கையோடு கார்டு வரம்பையும் குறைக்கச் சொல்லுங்கள். மீதியைத் தொடாதீர்கள்.

கணக்குநோட்டு:
மீதிக் கடனுக்கு வட்டி ஓடுமே?

மழைத்துளி:
ஓடட்டும். கையில் ஒன்றுமே இல்லையென்றால் அடுத்த பல்வலிக்கு எதை நீட்டுவீர்கள்? அதே கார்டைத்தானே?