பழைய ஆப்பில் பில் சிங்க் ஆகவில்லை (சர்வருக்குப் போய்ச் சேரவில்லை), பிளே ஸ்டோர் ரிலீசைத் திரும்பப் பெற முடியுமா?

கொழிஞ்சாம்பாறை டெவ்:
வணக்கம். இங்கே ஒரு சின்ன கம்பெனியில் மளிகை மொத்தக் கடைகளுக்கு ஆண்ட்ராய்டு பில்லிங் ஆப் செய்கிறோம். கடைகள் சித்தூர், தத்தமங்கலம் பக்கம். சரக்கு கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சி வரை போகும். இதுவரை பில்லில் ஜிஎஸ்டி வரிக்கு ஒரே ஃபீல்டுதான் (ஒரே கட்டம்). அதை சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்தின் பங்கு), ஐஜிஎஸ்டி (வேறு மாநிலத்துக்கு விற்றால்) என்று பிரித்தோம். ஓணத்துக்கு முன் வேண்டும் என்று முதலாளி கடைக்காரர்களிடம் தேதி சொல்லிவிட்டார்.

சர்வரை மாற்றியாச்சு. ஆப்பை 20 சதவீதம் பேருக்கு மட்டும் விட்டோம். மற்றவர்களின் பழைய ஆப் அனுப்பும் பில்லை சர்வர் 400 என்ற பிழை காட்டித் திருப்பி அனுப்புகிறது. புது ஆப்போ ஆண்ட்ராய்டு 8 போன்களில் பிரிண்ட் கொடுத்ததும் மூடிக்கொள்கிறது. பழையதற்கே போக வழி உண்டா? அன்இன்ஸ்டால் செய்து போடச் சொல்லலாமா? கடைகளில் கூட்டம், போன் ஓயவில்லை.

நகரி ராஜா:
அன்இன்ஸ்டால் வேண்டவே வேண்டாம் தம்பி. சிங்க் ஆகாத பில்கள் அந்த போனில் மட்டும்தானே இருக்கின்றன? ஆப் போனால் அவையும் போய்விடும். ‘கிளியர் டேட்டா’வும் அப்படித்தான். முதல் வேலையாக எல்லாக் கடைக்கும் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து, பிளே கன்சோலில் (ஆப் வெளியிடும் பக்கம்) ரோல்அவுட்டை, அதாவது புது ஆப் போவதை, நிறுத்துங்கள். புதிதாக யாருக்கும் போகாது. ஆனால் ஏற்கெனவே அப்டேட் ஆனவர்களிடம் அப்படியே இருக்கும். குறைந்த வெர்ஷன் கோடு (ஆப்பின் பதிப்பு எண்) போட்டால் பிளே ஸ்டோர் ஏற்காது. அதனால் பழைய ஆப்பின் புரோகிராமை எடுத்து, அந்த எண்ணை மட்டும் கூட்டி, புது ரிலீசாக விட வேண்டும். போனில் உள்ள டேட்டாபேஸ் வெர்ஷனைக் குறைத்துவிடாதீர்கள், ஆப் திறக்கும்போதே விழும்.

பாலக்காடு பேக்எண்ட்:
அண்ணா சொன்னது சரி. ஆனால் பிளே ஸ்டோரின் ரிவியூ முடியும்வரை கடைகள் காத்திருக்க வேண்டாம். சர்வரை இன்றே சரி செய்யலாம். பழைய ஃபீல்டு வந்தாலும் வாங்கிக்கொள்ளட்டும், பிரிப்பதை சர்வர் செய்யட்டும். பில்லில் உள்ள பிளேஸ் ஆஃப் சப்ளை (எந்த மாநிலத்துக்கு விற்பனை என்ற கோடு) 32 என்றால் கேரளத்துக்குள், சிஜிஎஸ்டி பாதி, எஸ்ஜிஎஸ்டி பாதி. 33 என்றால் தமிழ்நாடு, முழுதும் ஐஜிஎஸ்டி. ஜிஎஸ்டி எண் இல்லாத ஆளுக்குப் பொருள் விற்றால் பில்லில் எழுதிய முகவரியின் மாநிலம். முகவரி இல்லையென்றால் கடை இருக்கும் மாநிலம்.

இனி எந்த ஃபீல்டையும் ஒரே ரிலீசில் பெயர் மாற்றவோ நீக்கவோ வேண்டாம். முதலில் புதியதைச் சேருங்கள், இரண்டிலும் எழுதுங்கள், பழைய ஆப் ஓய்ந்த பிறகு நீக்குங்கள். கடைக்காரர் அப்டேட் செய்யும் நாள் நம் கையில் இல்லை. முதலாளி தேதி கேட்டால் சர்வருக்கு ஒன்று, ஆப்புக்கு ஒன்று என்று இரண்டு தேதி கொடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டெவ்:
சர்வரை மாற்றினோம், தேங்கிய பில்கள் வர ஆரம்பித்துவிட்டன. ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சார். ஆனால் சில பில்கள் இரண்டு முறை ஏறியிருக்கின்றன. பில் எண்ணுக்கு யூனிக் (ஒரே எண் இரண்டு முறை ஏறாதபடி தடை) போட்டால் போதுமா?

பாலக்காடு பேக்எண்ட்:
போதாது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது, அவ்வளவுதான். ஏப்ரலில் கடைக்காரர் மறுபடி 1 என்று தொடங்குவார். கடையின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, பில் எண் மூன்றையும் சேர்த்து யூனிக் போடுங்கள். அதற்கு முன் இரண்டு முறை ஏறிய பில்களில் கூடுதல் பதிவை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த யூனிக் இண்டெக்ஸே உருவாகாது. அப்புறம், அதே பில் மறுபடி வந்தால் பிழை காட்டாமல் 200 (சரி என்ற பதில்) கொடுங்கள். அப்போதுதான் ஆப் திரும்பத் திரும்ப அனுப்புவதை நிறுத்தும்.